கூண்டுல இருந்து மீட்ட லேயர் கோழி: தீனியும் எடையும், தராசை மட்டும் நம்பாதீங்க

பேட்டரி கூண்டுல (வரிசையா அடுக்கின குறுகலான கம்பிக் கூண்டு) இருந்து வந்த லேயர் கோழிய, அதாவது முட்டைக்காகவே வளர்க்கிற கோழிய, முதல் தடவ தூக்கிப் பார்க்கிறவங்க பெரும்பாலும் சொல்றது ஒண்ணுதான், "என்ன இது, வெறும் எலும்பாத்தான் இருக்கு". சொன்ன கையோட மக்காச்சோளம், ரொட்டி, பழம், சூரியகாந்தி விதைன்னு கண்ணுல படுறதையெல்லாம் அள்ளிப் போட ஆரம்பிச்சிடுறாங்க. பாவமாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா இந்தக் கோழிக்கு அதுதான் ஆகவே ஆகாது. ஏன்னா இது பட்டினி கிடந்த கோழி இல்ல. கூண்டுல தீனிக்குக் குறை வைக்க மாட்டாங்க, தீனி குறைஞ்சா முட்டை குறையும், பண்ணைக்குக் கட்டுப்படியாகாது. நாளுக்கு 110, 120 கிராம் தீவனம் தின்னுட்டு, கிட்டத்தட்ட தினமும் 60 கிராம் எடையுள்ள ஒரு முட்டையப் போட்டுக்கிட்டு, திரும்பக்கூட இடமில்லாம ஒரு வருஷத்துக்கு மேல நின்னே கழிச்ச கோழி அது. தின்னதுல பெரும் பங்கு முட்டையாவே போயிடுச்சு, இறக்கை அடிக்க வழியில்லாததால நெஞ்சுச் சதையும் வளரவே இல்ல. நீங்க தொட்டுப் பார்க்கிற அந்த ஒல்லி பாதி அதுதான். தீனிய மட்டும் கொட்டி அந்தச் சதைய வரவைக்க முடியாது, அது நடந்து, கிளறி, தாவி, இறக்கை அடிச்சு மாசக்கணக்குல வர்ற சதை.

இன்னொரு பக்கம், வெளிய ஒல்லியா தெரியுற சில கோழிக்கு உள்ள வயித்துலயும் ஈரல்லயும் கொழுப்பு நல்லா படிஞ்சிருக்கும். அதுக்குப் போய் சோளமா போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அதனால எடைய ஏத்துறதுதான் குறின்னு நினைக்காதீங்க, சரியான தீவனத்த அது தானா, போதுமான அளவு திங்குதான்னு பார்க்கிறதுதான் வேலை. எடைங்கிறது அதுக்கு ஒரு அடையாளம், அதுவும் சில சமயம் ஏமாத்துற அடையாளம், அதப் பத்தி கீழ சொல்றேன்.

வந்த அன்னைக்கு

தீனிக்கு முன்னாடி தண்ணி. கூண்டுக் கோழிக்கு நிப்பிள் டிரிங்கர் மட்டும்தான் தெரியும், அலகால தட்டினா சொட்டு சொட்டா வரும், அதுதான் அதுக்குத் தண்ணி. கிண்ணத்துல நிக்கிற தண்ணிய அது தண்ணின்னே கண்டுக்காம பக்கத்துலயே தாகத்தோட நிக்கும். விரலால தண்ணியோட மேல்பரப்ப மெதுவா தட்டுங்க, அலை ஆடுறதப் பார்த்து கொத்த வரும். வரலன்னா அலகு நுனிய மட்டும் தொட்டு எடுங்க, மூக்குத் துளை தண்ணிக்குள்ள போகக் கூடாது. ஒண்ணு குடிக்க ஆரம்பிச்சா மத்தது பார்த்துப் பழகிடும். ஒரு கோழி நாளுக்கு 200லிருந்து 300 மில்லி குடிக்கும், வெயில் காலத்துல அது ரெட்டிப்பாக்கூட ஆகும். முட்டையில முக்கால்வாசி தண்ணிதான், தண்ணி குடிக்காத கோழி தீனியும் திங்காது, இத மட்டும் மறக்காதீங்க.

அப்புறம் தீனி. கூண்டுல மூக்குக்கு முன்னாலயே தொட்டி ஓடிக்கிட்டு இருக்கும், தேடிப் போய் தின்ன பழக்கமே கிடையாது. அதனால முதல் நாலஞ்சு நாள் கொட்டில விட்டு வெளிய தீனி வச்சு "பசிச்சா வரட்டும்"னு இருக்காதீங்க, வராது. சாய்வுப் பலகை ஏறி இறங்கத் தெரியாது, வாசல்படி தாண்டக்கூட யோசிக்கும். படுத்திருக்கிற இடத்துல இருந்து ரெண்டு எட்டுல தீனி, இன்னொரு ரெண்டு எட்டுல தண்ணி, நல்ல வெளிச்சம், அவ்வளவுதான். இருட்டுல கோழிக்குக் கண் தெரியாது, மூலையில வச்ச தொட்டி இருந்தும் இல்லாத கணக்குதான்.

தின்ன தீவனமும் ஒண்ணே ஒண்ணுதான், மேஷ், அதாவது பொடியா அரைச்ச லேயர் தீவனம். முழு கோதுமையோ, பெல்லட்டோ (குச்சி குச்சியா அழுத்தின தீவனம்), கீரையோ போட்டா அது தின்ற பொருள்னே தெரியாம தாண்டிப் போயிடும், அதப் பார்த்து "எதையும் திங்க மாட்டேங்குது"ன்னு பதறாதீங்க. முதல்ல அதே மேஷ குடுங்க. பெல்லட்டுக்கு மாத்தணும்னா கால் பங்கு, அரை பங்குன்னு ஒரு வாரம், பத்து நாள் எடுத்து கலந்து கலந்து மாத்துங்க.

இன்னொரு விஷயம் யாரும் கவனிக்கிறதில்ல, அலகு. கூண்டுக் கோழிங்க நெறைய பேருக்கு குஞ்சுலயே அலகு நுனிய வெட்டியோ, சுட்டோ விட்டிருப்பாங்க, மேல் அலகு குட்டையா, கீழ் அலகு கொஞ்சம் முன்னால நீட்டிக்கிட்டு நிக்கும். இப்படிப்பட்ட கோழி சிமெண்ட் தரையில கிடக்கிற ஒரு கோதுமைய எடுக்கிறத ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. கொத்தும், மணி நழுவி ஓடும், தலைய சாய்ச்சு மறுபடி கொத்தும், மறுபடி ஓடும், நாலஞ்சு கொத்துக்கு ஒண்ணு வாய்க்குள்ள போனா பெரிசு. பார்க்கிறவங்களுக்கு அது நல்லா தின்னுக்கிட்டே இருக்கிறதா தெரியும், சாயந்தரம் தொட்டுப் பார்த்தா தீனிப்பை (தின்னது முதல்ல தங்குற, கழுத்துக்குக் கீழ இருக்கிற பை) காலி. இதுக்கு வழி ரொம்ப சுலபம், தட்டுல பரப்பாதீங்க, ஆழமான தொட்டியில ரெண்டு மூணு அங்குலம் உயரத்துக்குத் தீவனம் நிக்கணும், அப்ப அது பக்கவாட்டுல அலகக் குடுத்து அள்ளிக்கும். அலகு ரொம்ப மோசமா இருக்கிற கோழிக்கு மேஷ வெதுவெதுப்பான தண்ணி விட்டு உதிரியா ஈரப்படுத்திக் குடுங்க, கஞ்சியா கரைக்க வேணாம், கையில பிடிச்சா பிடிக்கணும், விட்டா உதிரணும். ஈரத் தீவனம் சீக்கிரம் புளிச்சுப் போகும், அதனால ரெண்டு மணி நேரத்துல மிச்சத்த எடுத்துடுங்க, வெயில் காலத்துல இன்னும் முன்னாடியே.

என்ன தீவனம், எவ்வளவு

அடிப்படை லேயர் தீவனம்தான், 16, 17 சதவீதம் புரதம், மூணரைல இருந்து 4 சதவீதம் கால்சியம் இருக்கிறது. பகல் முழுக்க தொட்டியில இருக்கட்டும், இந்த ரகக் கோழிங்க பெரும்பாலும் நாளுக்கு 110ல இருந்து 130 கிராமுக்குள்ள நிறுத்திக்கும். இறகு இல்லாம மொட்டையா வந்தது கூடுதலா திங்கும், உடம்புச் சூடு அப்படியே வெளிய போறதால அத ஈடுகட்டத்தான் அந்தத் தீனி, அதப் பேராசைன்னு நினைச்சு குறைச்சுடாதீங்க.

குண்டாகட்டும்னு பிராய்லர் தீவனம் போடுறவங்க இருக்காங்க, வேணவே வேணாம். அதுல கால்சியம் 1 சதவீதம் அளவுலதான் இருக்கும், சக்தி மட்டும் அதிகம். முட்டை போடுற கோழிக்கு அது ரெண்டு பக்கமும் அடி, எலும்பு கரையும், கொழுப்பு ஏறும். குஞ்சுத் தீவனமும் அப்படித்தான், உடம்பு சரியில்லாம முட்டைய நிறுத்தின கோழிக்கு கொஞ்ச நாள் குடுக்கலாம், மத்ததுக்கு கூடாது.

சோளத்தப் பத்தி ஒரு சின்ன கணக்கு போட்டா புரிஞ்சிடும். 120 கிராம் லேயர் தீவனம் தின்னா ஏறக்குறைய 20 கிராம் புரதமும் நாலரை கிராம் கால்சியமும் உள்ள போகுது. அதுல 40 கிராமுக்கு பதிலா மக்காச்சோளம் போட்டீங்கன்னு வைங்க, சோளத்துல புரதம் எட்டு ஒன்பது சதவீதம்தான், கால்சியம் இல்லன்னே சொல்லலாம், ஆக புரதம் பதினாறு பதினேழு கிராமுக்கும் கால்சியம் மூணு கிராமுக்கும் இறங்கிடும். வயிறு மட்டும் நிரம்பியிருக்கும். ஒரு முட்டை ஓட்டுக்கு ரெண்டு கிராம் கால்சியம் வேணும், தின்ற கால்சியத்துல ஏறக்குறைய பாதிதான் உடம்புல ஒட்டும், அப்ப நாலு கிராமாவது உள்ள போகணும் இல்லையா, மிச்சத்த எங்க இருந்து எடுக்கும்? எலும்புல இருந்துதான். இந்தக் கோழிங்க எலும்பு ஏற்கனவே உளுத்துப் போய்தான் வருது, நெஞ்செலும்பு ஒடிஞ்சு கோணலா சேர்ந்திருக்கிறது ரொம்ப சாதாரணம். ஒரு கைப்பிடி சோளம் அன்புல போடுறது, ஆனா அதுக்கு விலை குடுக்கிறது கோழியோட எலும்பு.

அதுக்காக ஒண்ணுமே போடக் கூடாதுன்னு இல்ல. மொத்தத் தீனியில பத்துல ஒரு பங்குக்குள்ள, அதாவது ஒரு கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு, அதுவும் மதியத்துக்கு மேல, நல்ல தீவனத்த தின்னு முடிச்ச அப்புறம். காலையில எழுந்ததும் தானியத்த வீசினா அன்னைக்கு முழுக்க அது மேஷ திரும்பிப் பார்க்காது, எப்ப தானியம் வரும்னு உங்க காலையே சுத்திக்கிட்டு நிக்கும்.

சிப்பித்தூள் தனிக் கிண்ணத்துல வைங்க, தீவனத்தோட கலக்க வேணாம், வேணும்கிற கோழி தானா எடுத்துக்கும், முட்டை போடாதது தொடாது. தூளுன்னு பேரே தவிர நைசா இல்லாம பொடிக் கல்லு அளவு துண்டா இருந்தா நல்லது, ஏன்னா ஓடு உருவாகுறது பெரும்பாலும் ராத்திரியில, துண்டா இருந்தா மெதுவா கரைஞ்சு அந்த நேரத்துக்கு உதவும், சாயந்தரம் கிண்ணம் நிறைஞ்சிருக்கான்னு பார்த்துக்கோங்க. கிரிட் வேற, சிப்பி வேற, ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. கிரிட்டுங்கிறது கரையாத சின்னக் கல்லு, அரைவைப்பையில தங்கி தானியத்த அரைக்கும். மேஷ் மட்டுமே தின்ன கோழிக்கு அந்தப் பை வேலை பார்த்தே பழக்கமில்ல, அதனால முழு தானியமும் புல்லும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஆரம்பிக்கணும், கூடவே கிரிட்டும் இருக்கணும். வெயில்ல காயுறதுக்கு ஒரு இடமும் வேணும், வைட்டமின் டி இல்லாம தின்ன கால்சியம் ஒட்டாது.

மொட்டைக் கோழிக்கு இறகு முளைக்கிறப்ப கூடுதல் புரதம் வேணும், இறகே எண்பத்தஞ்சு சதவீதத்துக்கு மேல புரதம்தான். சில வாரத்துக்கு மட்டும் வேகவச்ச முட்டைய மசிச்சு ஒரு கரண்டி, இல்லன்னா காய்ஞ்ச மீல்வோர்ம் (தீனியா விக்கிற ஒரு வகைப் புழு) கொஞ்சம். மீல்வோர்ம்ல பாதி புரதம்னா கால் பங்கு கொழுப்பு, அதனால கொறிக்கக் குடுக்கிற அளவோட நிறுத்துங்க. இறகு வரலையேன்னு தீனிய மட்டும் ஏத்திக்கிட்டே போகாதீங்க, வேரோட பிடுங்கினது சில வாரத்துல முளைக்கும், ஒடிஞ்சு கட்டையா நிக்கிறது அடுத்த தடவ இறகு உதிர்க்கிற வரைக்கும் அப்படியேதான் நிக்கும், என்ன தீனி போட்டாலும்.

போடவே கூடாதது: அவகேடோ, சாக்லேட், வேகாத காய்ஞ்ச பீன்ஸ் வகை, பச்சை படிஞ்ச உருளைக்கிழங்கு, உப்பு தூக்கலான எதுவும், பூஞ்சை பிடிச்ச எதுவும். பூஞ்சை வாசம் வர்ற தீவன மூட்டைய வெயில்ல காயவச்சு போடலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, நஞ்சு காயுறதால போகாது. தண்ணியில வினிகர் விட்டா எடை கூடும் அது இதுன்னு சுத்திக்கிட்டு இருக்கு, எடைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, தகரத் தொட்டியா இருந்தா அதையும் அரிச்சுடும்.

எடை போடுறது

சமையல் தராசு 3 கிலோ வரைக்கும் காட்டுறதா இருந்தாப் போதும். ஒரு அட்டைப்பெட்டிய வச்சு சைபருக்குக் கொண்டு வந்துட்டு, கோழிய உள்ள வச்சு மேல ஒரு துணியப் போட்டா இருட்டுல பேசாம உட்காரும். எப்பவும் காலையில, தீனி தின்னறதுக்கு முன்னாடி. சாயந்தரம் போட்டா தீனிப்பை நிறைஞ்சிருக்கும், அதுவே எடையில நல்ல வித்தியாசம் காட்டும், நீங்க தேவையில்லாம சந்தோஷப்படுவீங்க இல்ல பயப்படுவீங்க. ஆரம்பத்துல வாரம் ஒரு தடவ, நிலைச்ச அப்புறம் மாசம் ஒண்ணு ரெண்டு தடவ. கால்ல கலர் வளையம் போட்டுக்கோங்க, எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே ஜாடை, ரெண்டு நாள்ல எது எதுன்னு குழம்பிடும்.

பழுப்பு ஹைப்ரிட் ரகம்னா (லோமன் பிரவுன், ஐசா பிரவுன், ஹை-லைன் பிரவுன் இதெல்லாம்) 1.8ல இருந்து 2 கிலோ சுத்துல இருக்கணும், வெள்ளை லெகார்ன் வகைன்னா ஒன்றரையில இருந்து 1.7. ஆனா இந்த நம்பருக்குக் கொண்டு வந்தே ஆகணும்னு நிக்காதீங்க, உங்க கோழிய அதோட போன வார எடையோடதான் ஒப்பிடணும். வந்த முதல் வாரம் கொஞ்சம் இறங்குறது சகஜம், இடம் மாறின அதிர்ச்சி. அப்புறம் மெதுவா ஏறி ஒரு இடத்துல நிக்கும். எப்பவா இருந்தாலும் பத்துல ஒரு பங்கு இறங்கிட்டா, அதாவது 1.8 கிலோ கோழி 180 கிராம் இழந்துட்டா, அது "பார்க்கலாம்"னு விடுற விஷயம் இல்ல.

தராசுல இருந்து இறக்கின உடனே கை வேலை. கோழிய மடியில வச்சு, ஒரு கை அடியில குடுத்து தாங்கிக்கிட்டு (காலப் பிடிச்சு தலைகீழா தூக்குற பழக்கம் இங்க வேணாம், இந்த எலும்பு தாங்காது), இன்னொரு கை விரல் நுனியால நெஞ்செலும்போட விளிம்பத் தடவி, அங்க இருந்து ரெண்டு பக்கமும் சரிஞ்சு போற சதையத் தொடுங்க. விளிம்பு கூர்மையா குத்தி, ரெண்டு பக்கமும் உள்வாங்கிக் குழியா இருந்தா ரொம்ப மெலிவு. விளிம்பு நல்லாத் தெரிஞ்சு, பக்கச் சதை தட்டையா இருந்தா மெலிவு, பெரும்பாலும் மீட்ட கோழி இந்த நிலையிலதான் வரும். விளிம்பு விரல்ல பட்டும், சதை லேசா புடைச்சும் இருந்தா சரியான உடம்பு. விளிம்பத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்னா குண்டு.

அடுத்து வயிறு, இதத்தான் முக்காவாசி பேரு விட்டுடுறாங்க. நெஞ்செலும்பு முடியுற இடத்துக்கும் எச்சம் போடுற துவாரத்துக்கும் நடுவுல உள்ளங்கைய வைங்க. மெத்துன்னு, தோல் மெலிசா இருந்தா நல்லது. மெழுகுப் பிடிப்பா தடிச்ச தோல் கையில வந்தா கொழுப்பு. ஊதி, தண்ணி ததும்புற மாதிரி இருந்தாலோ, உள்ள கெட்டியா ஒரு கட்டி தட்டுப்பட்டாலோ அது தீனிப் பிரச்சினையே இல்ல.

தராசு ஏமாத்துறது இங்கதான். எடை போன மாசத்தவிட ஏறியிருக்கும், "தேறிடுச்சு"ன்னு நினைப்பீங்க, நெஞ்சத் தொட்டா கத்தியாட்டம் இருக்கும், வயிறு மட்டும் கனமா தொங்கும். முட்டைக்குழாய்ல போக வேண்டிய மஞ்சள் கரு வயித்துக்குள்ள விழுந்து அழுகுறது, வயித்துல நீர் கோர்க்கிறது, கட்டி, இதெல்லாம் இந்த ரகக் கோழிக்கு அடிக்கடி வர்ற வியாதிங்க, அவ்வளவு முட்டை போட வச்சதோட விளைவு. ஏறின எடை பூரா நீரு, சதை கரைஞ்சுக்கிட்டே இருக்கும். நடையும் மாறிடும், உடம்ப நிமிர்த்தி, கால அகட்டி அகட்டி நடக்கும். நெஞ்சு இறங்கி வயிறு ஏறுதுன்னா அன்னைக்கே டாக்டர்தான், தீனிய மாத்திப் பார்க்கிறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.

தீனிப்பையும் எச்சமும்

எவ்வளவு தின்னுச்சுன்னு தொட்டியப் பார்த்து சொல்ல முடியாது, பாதிய எலியும் குருவியும் தின்னிருக்கலாம். ராத்திரி பரண்ல ஏறி உட்கார்ந்த அப்புறம் கழுத்துக்குக் கீழ, கோழியோட வலப்பக்கம், தீனிப்பையத் தொட்டுப் பாருங்க. நிறைஞ்சிருக்கணும். காலையில தீனிக்கு முன்னாடி மறுபடி தொடுங்க, காலியா இருக்கணும். ராத்திரி காலின்னா திங்கல, இல்ல மத்தது திங்க விடல. காலையிலயும் நிறைஞ்சிருக்குன்னா கீழ இறங்கல. தண்ணி ஊத்தின பலூனாட்டம் கொழகொழன்னு, வாய்ல இருந்து புளிச்ச வாடை வந்தா புளிப்பு, கெட்டியா உருண்டையா இருந்தா அடைப்பு. அடைப்புக்குப் பெரும்பாலும் நீளப் புல்தான் காரணம், அதனால வெட்டின நீளப் புல்லக் குவிச்சுப் போடாதீங்க, வேரோட நிக்கிற புல்ல அது தானா துண்டு துண்டாக் கிள்ளித் தின்னா பிரச்சினை வராது. தலைகீழா தொங்கவிட்டு வாந்தி எடுக்க வைக்கிற வீடியோ நெறைய வருது, தயவுசெஞ்சு செய்யாதீங்க, வர்ற தண்ணி மூச்சுக்குழாய்ல போய் அங்கயே முடிஞ்சுடும்.

எச்சம் வெள்ளைத் தொப்பி போட்ட பழுப்பா இருந்தா சரி, நாளுக்கு ஒண்ணு ரெண்டு தடவ கடுகு நிறத்துல பிசுபிசுன்னு நாத்தமா போடுறதும் இயல்புதான், அதப் பேதின்னு நினைச்சு மருந்து தேடாதீங்க. புல்லே திங்காத கோழி பளிச்சுன்னு பச்சையா போட்டா அது பட்டினி, பித்தம் மட்டும் வருதுன்னு அர்த்தம். ரத்தம்னா உடனே டாக்டர்.

நிஜமாவே மெலிஞ்ச கோழிக்கு

தீனிய ஏத்துறதுக்கு முன்னாடி காரணத்தத் தேடுங்க. ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு பரண் இடுக்குல சிவப்புப் பேன் இருக்கான்னு பாருங்க, பகல்ல ஒளிஞ்சு ராத்திரி ரத்தம் குடிக்கிற ஜாதி அது, கொண்டை வெளுத்துக்கிட்டே வந்தா முதல் சந்தேகம் அதுமேல. எச்சத்துவாரத்த சுத்தி இறகு அடியில பேன், கொத்து கொத்தா முட்டை ஒட்டியிருக்கான்னு பாருங்க. குடல்புழுவுக்கு கண்ண மூடிக்கிட்டு மருந்து குடுக்கிறதவிட எச்சத்த பரிசோதனைக்குக் குடுக்கிறது மேல். கூண்டுல மண்ணையே பார்க்காத கோழிக்கு புழு, காக்சிடியா (குடல்ல வர்ற ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி) எல்லாம் மண்ல கால் வச்ச அப்புறம்தான் புதுசா வரும், அதனால வந்தப்ப நல்லா இருந்ததுன்னு விட்டுடாதீங்க.

அடுத்தது அதிகாரம். கூண்டுல நாலஞ்சு பேரோட நின்ன கோழி பெரிய கூட்டத்துல விட்டதும் யாரு பெரியவன்னு ஒரு சண்டை நடக்கும், கீழ போனது தொட்டிப் பக்கமே வராது. ஒரு தொட்டிய ரெண்டா ஆக்குங்க, ஒண்ணுல இருந்து பார்த்தா இன்னொண்ணு தெரியாத இடத்துல வைங்க, ரவுடிக்கோழி ஒரு நேரத்துல ஒரு தொட்டியத்தான் காவல் காக்க முடியும். கோழிக்கு ஒரு சாண் இடமாவது தொட்டியில இருக்கட்டும். அப்பவும் சரிப்படலன்னா மெலிஞ்சத தனியா, ஆனா மத்தது கண்ணுல படுற மாதிரி கம்பிக்கு அந்தப் பக்கம், காலையும் சாயந்தரமும் கால் மணி நேரம் ஈர மேஷும் கொஞ்சம் முட்டையும் குடுத்து திரும்ப விட்டுடுங்க. முழுசா பிரிச்சு பல நாள் வச்சா திரும்ப சேர்க்கிறப்ப சண்டை முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

குறுகி, கண்ண மூடி, இறகு சிலிர்த்து உட்கார்ந்திருக்கிற கோழிக்கு முதல் மருந்து சூடு. 27ல இருந்து 30 டிகிரி வெதுவெதுப்பு கிடைக்கிற பெட்டி, காத்து ஓட்டம் இருக்கணும், சூடு தாங்காட்டி நகர்ந்துக்க இடமும் இருக்கணும். உடம்பு குளிர்ந்திருந்தா உள்ள போன தீனி ஜீரணமே ஆகாது. சூடு, அப்புறம் தண்ணி, அப்புறம் ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனா அடிக்கடி தீனி, இந்த வரிசைதான். சிரிஞ்சுல வாய்க்குள்ள பீச்சாதீங்க, மூச்சுக்குழாய் வாய் நாக்குக்குப் பின்னாலயே திறந்திருக்கும், அலகு ஓரத்துல சொட்டு வச்சா அது தானா முழுங்கும், முழுங்கலன்னா டியூப் போட டாக்டர்தான் காட்டிக்குடுக்கணும்.

குண்டானதுக்கு

பட்டினி போடாதீங்க, லேயர் தீவனத்துலயும் கை வைக்காதீங்க, முட்டை போடுற கோழிக்கு அதக் குறைச்சா கால்சியமும் சேர்ந்து குறையும். வெட்ட வேண்டியது சோளம், விதை, ரொட்டி, மீல்வோர்ம், இதுங்கள மட்டும், சுத்தமா. அப்புறம் தீனிக்கும் தண்ணிக்கும் நடுவுல தூரத்தக் கூட்டுங்க, கீரைக் கட்ட எட்டிக் கொத்துற உயரத்துல தொங்கவிடுங்க, சருகு கொட்டிக் கிளற விடுங்க. எடை மெதுவா இறங்கட்டும், மாசக்கணக்கு ஆகும். குண்டுக் கோழிக்கு வெயில் காலம் ரொம்ப ஆபத்து, கொழுப்பு படிஞ்ச ஈரல் கிழிஞ்சு உள்ளயே ரத்தம் கொட்டி, நேத்து வரைக்கும் நல்லா இருந்த கோழி காலையில கொண்டை வெளுத்து செத்துக் கிடக்கும். அதனால வெயில் நாள்ல தீனிய விடியக் காலையிலயும் சாயந்தரமும் வச்சு, மதியம் நிழலும் குளிர்ந்த தண்ணியும் மட்டும் இருக்கிற மாதிரி பார்த்துக்கோங்க.

கொட்டில்ல ராத்திரி விளக்கு போட்டு வைக்க வேணாம். பண்ணையில 16 மணி நேரம் வெளிச்சம் காட்டித்தான் முட்டை போட வைக்கிறாங்க, இயற்கை வெளிச்சத்துக்கு வந்ததும் பகல் குறையுற மாசங்கள்ல முட்டை குறையும், சிலது நிறுத்தும், கூடவே இறகு கொட்டும், எடையும் கொஞ்சம் இறங்கும், தலையணை கிழிஞ்ச கொட்டிலாத் தெரியும். பயப்படாதீங்க, உடம்பு தேத்திக்கிற காலம் அதுதான், அப்ப மட்டும் புரதத்தக் கொஞ்சம் கூட்டுங்க, தூக்குறதக் குறைச்சுக்கோங்க, புது இறகுக் குருத்து வலிக்கும்.

தோல்முட்டையா (ஓடு இல்லாம தோலோட வர்ற முட்டை) போட்டுக்கிட்டே இருக்கிற, முக்கி முக்கி எடை இழக்கிற கோழிக்கு முட்டைய கொஞ்ச மாசம் நிறுத்தி வைக்கிற டெஸ்லோரெலின் இம்ப்ளாண்ட் (தோலுக்கு அடியில வைக்கிற ஹார்மோன் மருந்து) இருக்கு, பறவைகளப் பார்க்கிற டாக்டர்கிட்ட கேளுங்க. போறப்ப எடை எழுதின நோட்டு, தீவன மூட்டையோட லேபிள் போட்டோ, அன்னைக்குக் காலையில போட்ட எச்சம் கொஞ்சம் ஒரு கவர்ல, இந்த மூணும் எடுத்துட்டுப் போங்க, எச்சத்த வழியில வெயில்ல வச்சுடாதீங்க.